நாலரை மணிப் பேச்சு

அழைப்பிதழ்க் கட்டு அச்சகத்திலிருந்து வந்து இறங்கியதும் ஸ்ரீனிவாசராகவன் முதல் வேலையாகத் தன் பெயரைத் தேடினார். அடுத்த வேலையாக, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார்.

‘காலை 11 மணி. சிறப்புரை: சாய்நாத்’ என்று நடுப்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அவர் பெயர் மதிய உணவுக்குக் கீழே இருந்தது. ‘மாலை 3 மணி. உரை: ஸ்ரீனிவாசராகவன்.’

“பார்த்தியா நீரஜா? அவனுக்குச் சிறப்புரை, எனக்கு வெறும் உரை. அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். மூணு மணிக்கு மயிலாப்பூர்ல முழிச்சுண்டு இருக்கறது தெப்பக்குளத்து மீன் மட்டும்தான்!”

“அதுக்கென்ன? சாய்நாத் நன்னாப் பேசுவான். கேக்கறவாளுக்குத் தூக்கமே வராது” என்றாள் மனைவி நீரஜா.

“அப்போ நான் பேசினா?”

“காபி ஆறிண்டிருக்கு. குடியுங்கோ.”

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். உள்ளங்கையில் அடங்குகிற பாம்டாப் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் அமெரிக்க மாப்பிள்ளைகளின் பெட்டியில் ஏறிச் சென்னைக்கு வர ஆரம்பித்திருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் சேர்ந்து மயிலாப்பூரில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். உறுப்பினர்களில் பாதிப் பேரிடம் பாம்டாப் இருந்தது. மீதிப் பேர் கூடிய சீக்கிரம் வாங்கப்போகிறவர்கள்.

அந்தச் சங்கத்தின் முதல் மாநாடு இது. செயலாளர் ஸ்ரீனிவாசராகவன்; சங்கத்துக்கு ராகவன். சபா ஹாலைப் பிடித்தவர் அவர், நாற்காலிக்கு அலைந்தவர் அவர், மைக்செட், சமையல் எல்லாம் பேசி முடித்தவரும் அவரே. சாய்நாத் செய்ததெல்லாம் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து சிரித்ததுதான். சிறப்புரை அவனுக்குப் போய்விட்டது.

சும்மா ஒரு பேச்சென்றால் ராகவன் விட்டிருப்பார். பெங்களூரிலிருந்து ராஜரத்தினம் வருகிறார். பாம்டாப்பை இந்தியாவில் விற்கப்போகிற கம்பெனிக்காரர். மாநாட்டில் அவர் காதில் விழுகிற புரோகிராம்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விற்கிற ஒவ்வொரு மிஷினிலும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். மிஷினைத் திறந்தவுடன் எழுதியவர் பெயர் திரையில் வரும்.

ராகவன் வங்கி வேலை முடிந்து வந்து, மாசக்கணக்கில் கண் விழித்து ‘கைப் பஞ்சாங்கம்’ என்று ஒன்று எழுதியிருந்தார். திதி, நட்சத்திரம் எல்லாம் சொல்லும். ராகு காலம் ஆரம்பித்தால் மணி அடிக்கும். சங்கத்தில் மிஷின் வைத்திருந்த அத்தனை பேரும் அதைக் காப்பி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்நாத் எழுதியது ஆடுபுலி ஆட்டம். புலியும் ஆடும் ஒரே மாதிரி இருக்கும்.

பொறாமை என்று சொன்னால் ராகவனுக்குக் கோபம் வரும். ‘நியாய உணர்ச்சி’ என்பார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். நியாய உணர்ச்சியில் அவருக்கு வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலமே அடையாறில் இருந்த சாய்நாத்துக்குப் போன் போட்டார்.

“சாய்நாத், ஒரு சின்ன மாற்றம்பா. பதினோரு மணிக்கு நான் பேசிடறேன். நீ சாயங்காலம் நாலரைக்கு வெச்சுக்கயேன்.”

போனில் காலண்டர்த் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“ஞாயித்துக்கிழமை நாலரையா சார்?”

“ஆமாம்” என்றார் ராகவன், அப்பாவி போல. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும். சாய்நாத்தின் அம்மா ராகு காலத்தில் பால் பாக்கெட்கூடப் பிரிக்க மாட்டாள். பிள்ளையைச் சிறப்புரைக்கா அனுப்பப்போகிறாள்? தானே விலகிக்கொள்வான் என்பது கணக்கு.

“பிரமாதம் சார்!” என்று கத்தினான் சாய்நாத். “கரெக்டா நாலரைக்கே ஆரம்பிச்சுடறேன். ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகாது. மாமி இருக்காளா? போனைக் குடுங்கோளேன்.”

நீரஜா வாங்கிப் பேசினாள், சிரித்தாள், வைத்தாள்.

“என்னவாம்?”

“நாலரைக்கு நான் கட்டாயம் வரணுமாம். பட்டுப் புடவை கட்டிண்டு முன் வரிசையில உக்காரணுமாம்.”

“எதுக்கு?”

“யாருக்குத் தெரியும்? ஆசையாக் கூப்பிடறான், போறேன்.”

“நான் பேசறபோது என்ன கட்டிப்ப?”

“நீங்க காலங்கார்த்தால பேசப்போறேள். அப்போ சமையல் இருக்கு” என்றாள் நீரஜா. நியாய உணர்ச்சி தொண்டை வரைக்கும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ராகவன் பேசினார். முன் வரிசையில் வரவேற்புக்கு வந்த கல்லூரிப் பெண் ஹம்சினி சந்தனப் பேலாவோடு உட்கார்ந்திருந்தாள். பின் வரிசையில் ஒரு பெரியவர் ஹாலுக்கு வந்த பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் மயிலாப்பூர் வழக்கப்படி சாப்பாட்டு நேரத்துக்குக் கிளம்பலாம் என்று வீட்டில் இருந்தார்கள். சாய்நாத் மட்டும் ஓரமாக நின்று ஏதோ குறிப்பெடுத்தான். தன் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்கிறான் என்று ராகவனுக்குப் புரிந்தது.

அவர் மேடையை விட்டு இறங்கும்போது பொருளாளர் கதிரேசன் ஓடி வந்தார்.

“ராஜரத்தினம் சார் போன் பண்ணினார். ரயில் லேட்டாம். நாலு மணிக்குத்தான் வருவாராம்.”

“நாலு மணிக்கா?”

“கரெக்டா சாய்நாத் பேச்சுக்கு வந்துடுவார். நல்ல காலம், நேரத்தை மாத்தி வெச்சீங்க சார். என்ன ஒரு முன்யோசனை!”

ராகவன் நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். சமையல் காண்டிராக்டர் தங்கவேல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“தங்கவேலு, டிபன் எப்போ?”

“அஞ்சு மணிக்குன்னு சொன்னீங்கோ. கீரை வடை, கேசரி.”

“வடையை நாலரைக்குப் போடு. அடுப்பை ஹால் வாசப்படிக்கே கொண்டு வந்துடு. வாசனை உள்ள வரணும்.”

“ஹாலாண்டவா? அல்லாரும் எய்ந்து வந்துடுவாங்களே சார்.”

“வரட்டும்” என்றார் ராகவன்.

தங்கவேல் தொழில் பக்தி உள்ளவர். மூன்றரைக்கே அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்து, எண்ணெய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஈடு வடை போட்டார். வாசனை ஹாலுக்குள் போகவில்லை. காற்று அன்றைக்கு வேறு பக்கம் அடித்தது. வாசனை தெற்கு மாட வீதிக்குப் போனது.

கோயிலுக்கு வந்தவர்கள், கச்சேரி இருக்கிறதோ என்று வந்தவர்கள், கீரைக்கட்டோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்று ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

“வடை எப்போப்பா?”

“நாலரையாவும். உள்ள பேன் போட்டுக்கீது, குந்துங்க” என்றார் தங்கவேல், எல்லோரிடமும்.

நாலு மணிக்கு ராஜரத்தினம் காரிலிருந்து இறங்கியபோது ஹாலில் நிற்க இடமில்லை.

“பாம்டாப்புக்கு இவ்வளவு கூட்டமா! சென்னை சென்னைதான்!” என்று அவர் ராகவனின் கையைக் குலுக்கினார். “எல்லாம் சாய்நாத் பேச்சைக் கேட்க வந்தவங்களா?”

ராகவன் கையை உருவிக்கொண்டு மைக்செட் மெஹபூப் அலியைத் தேடிப் போனார். மேடைக்குப் பக்கவாட்டில், ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் அவர் பீடா மென்றுகொண்டிருந்தார்.

“பாய், சில பேர் மைக்கைப் பிடிச்சா விட மாட்டா. நேரம் மீறினா நான் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைப்பேன். உடனே மைக்கை நிறுத்திடணும். நான் சொல்ற வரைக்கும் போடக் கூடாது.”

“ரைட் சார். கர்சீப்பு எடுத்தா கட்டு.”

ராகவன் திரும்பி வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ராஜரத்தினம், மறு பக்கம் அரக்குப் பட்டில் நீரஜா. அவர் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கிச் சொட்டியது. துடைக்கவில்லை. சாய்நாத் பேச்சு சூடு பிடிக்கட்டும், அப்போது துடைக்கலாம் என்று காத்திருந்தார்.

“ஏன்னா, இப்படிக் கொட்டறதே. துடைச்சுக்கோங்கோளேன்.”

“நேரம் வரட்டும்.”

“வேர்வை துடைக்கவுமா நேரம் பார்ப்பேள்?”

சாய்நாத் மேடை ஏறினான். கையில் பாம்டாப். அதைப் பார்த்தான், ஹாலைப் பார்த்தான், சிரித்தான். கைதட்டல் அடங்கியது.

“எல்லாருக்கும் வணக்கம். நான் இப்போ ஒண்ணுமே பேசப்போறதில்லை. நீங்க கேக்க மட்டும் போறேள்” என்றான்.

சரியாக நாலரை.

‘கீங் கீங் கீங்’ என்று முன் வரிசையில் ஒரு சட்டைப்பை கத்தியது. அடுத்தது ஒரு கைப்பை. அப்புறம் கதிரேசனின் இடுப்பு. சங்கத்தின் பாம்டாப் அத்தனையும் சேர்ந்துகொண்டு ராகு காலம், ராகு காலம் என்று அலறின. மைக்குக்கு முன்னால் சாய்நாத்தின் கையிலிருந்தது ஹாலையே தூக்கியது. பின் வரிசைப் பெரியவர் நெருப்புப் பிடித்துக்கொண்டது என்று நினைத்து எழுந்து நின்றார்.

ராகவன் நாற்காலி நுனிக்கு வந்தார். மணி அடிக்கும்படி எழுதியதே அவர்தான். சாய்நாத்தைக் கவிழ்க்கிற வேலையில் அது அடியோடு மறந்துபோயிருந்தது. மாநாட்டில், தலைமை விருந்தாளி எதிரில், தன் புரோகிராம் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

தன்னை அறியாமல் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மைக் செத்தது.

மேடையில் சாய்நாத்தின் வாய் மட்டும் அசைந்தது. அவன் கை நீண்டு ராகவனைச் சுட்டியது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுக்கிறானே பாவி என்று ராகவன் நாற்காலியில் சுருண்டார்.

ராஜரத்தினம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்.

“செயலாளர் சார், என்ன சத்தம் இது?”

“ரா... ராகு காலம் சார். அதுக்கு மணி அடிக்கிற புரோகிராம்.”

“யார் எழுதினது?”

“சாய்நாத் சார்!” என்று எழுந்து நின்று சொன்னார் ராகவன், ஹால் பூராவும் கேட்கும்படி. “முழுக்க முழுக்கச் சாய்நாத் எழுதினது. எனக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!”

நீரஜா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஏன்னா, நீங்க ராத்திரியெல்லாம் முழிச்சுண்டு...”

“ஷ்! வாயை மூடு, மாட்டிப்போம்.”

ராஜரத்தினம் மேடைக்கு ஓடினார். அவர் குரலுக்கு மைக் வேண்டியிருக்கவில்லை.

“இதைத்தான் ஐயா நான் தேடிக்கிட்டிருந்தேன்! இந்த மிஷினை நம்ம ஊர்ல யார் வாங்குவாங்கன்னு தூக்கமில்லாம இருந்தேன். ராகு காலத்துக்கு மணி அடிக்கிற மிஷின்னா கல்யாணச் சீர்வரிசையிலேயே வெச்சுடுவாங்களே! இனிமே நாங்க விக்கிற ஒவ்வொரு மிஷின்லயும் இது இருக்கும். திறந்தவுடனே சாய்நாத் பேர் வரும்!”

ஹம்சினி ஒரு தட்டில் பொன்னாடையோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தாள். ராஜரத்தினம் அதை எடுத்துச் சாய்நாத்தின் தோளில் போர்த்தினார்.

ராகவன் இரண்டே எட்டில் மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

“சார், உண்மையில அது என்னோட...”

மைக் செத்துத்தான் கிடந்தது. மெஹபூப் அலி சொன்ன சொல் தவறாதவர். “போடு பாய், போடு!” என்று ராகவன் கத்துவதற்கும், வாசலிலிருந்து தங்கவேல், “வடை ரெடிங்கோ!” என்று குரல் கொடுப்பதற்கும் சரியாக இருந்தது. அதற்கப்புறம் அந்த ஹாலில் இடி விழுந்திருந்தால்கூட யார் காதிலும் விழுந்திருக்காது.

கூட்டம் வெளியே பாய்ந்தது. அதில் கதிரேசன் மட்டும் நின்று ராகவனின் தோளைத் தட்டினார். “சார், நீங்க மனுஷனே இல்லை” என்று தழுதழுத்துவிட்டுப் போனார். ராகவனும் அதை ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார்.

சாய்நாத் வந்தான். கண்கள் நிறைந்திருந்தன. எல்லோர் முன்னாலும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

“சார், ஊர்ல எவனுக்கு சார் இப்படி ஒரு மனசு வரும்?”

குத்திக்காட்டுகிறான் என்று ராகவன் பல்லைக் கடித்தார். “சாய்நாத், அந்தப் புரோகிராம்...”

“ஒண்ணும் சொல்லாதீங்கோ சார். நீங்க குடுத்ததை நான் வேண்டாம்னு சொன்னா அது உங்களுக்கு மரியாதை இல்லை. உசிரோட இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

வெளியே ராஜரத்தினத்தின் கார் ஹாரன் அடித்தது. ஒப்பந்தம் பேச, பொன்னாடையோடு சாய்நாத் ஏறிப் போனான்.

ஹால் காலியாகிவிட்டது. நீரஜா பட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோ பார்க்கப் போனாள். ராகவன் மேடைப் படியில் உட்கார்ந்தார். கர்ச்சீப்பைத் தாராளமாக எடுத்து முகத்தைத் துடைத்தார். இப்போது துடைத்து என்ன?

மெஹபூப் அலி வயரைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“சார், ஒரு டவுட்டு. டைம் ஓவரானா தான கர்சீப்பு எடுக்கறேன்னீங்கோ? அவுரு அப்பதான ஆரம்பிச்சாரு.”

“விடு பாய். இந்த மட்டுமாவது அவன் பேசினது யார் காதிலயும் விழாம போச்சே.”

“எனுக்கு விழுந்துச்சு சார், நான் மேடையாண்ட தான குந்திக்கினு இருந்தேன்” என்றார் மெஹபூப் அலி. “‘இத்த எழுதுனவரு எங்க ராகவன் சாரு, இந்தப் பொன்னாடை அவருக்குத்தான், மேடைக்கு வாங்கோ’ன்னு அவுரு உங்களைக் கைகாட்டிக் கூப்புட வாயத் தொறக்கச் சொல்லோ தான் சார் நீங்க மூஞ்சியத் தொடச்சீங்கோ!”