யானை ஆபீஸ் கடன்

ஒரு காட்டில் மரத்துக்கெல்லாம் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கூடு கட்ட வேண்டுமென்றால் கிளையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அங்கே மருதப்பன், செவந்தி என்று ஒரு தூக்கணாங்குருவி ஜோடி இருந்தது. செவந்திக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. கையில் காசில்லை.

"கடன்தான் வாங்கணும் புள்ள. ஆனா நாலு இடம் விசாரிச்சு, வட்டி எங்க கம்மியோ அங்கதான் வாங்கணும்" என்றது மருதப்பன்.

"விசாரிங்க. முட்டை அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது, பாத்துக்கங்க."

முதலில் முதலையிடம் போனார்கள்.

"என்கிட்டதான் வட்டி கம்மி. ஆத்துல தண்ணி ஏறினா வட்டியும் ஏறும், அவ்வளவுதான்" என்றது முதலை. மருதப்பனுக்கு ஒரே சந்தோஷம்.

செவந்தி மெல்லக் கேட்டது: "ஒரு மாசம் தவணை கட்ட முடியலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

முதலை வாயைத் திறந்து காட்டியது.

அடுத்து நரி. "என் வட்டி ஏறவே ஏறாது தங்கச்சி. கூட்டுக்கு இன்சூரன்ஸ் மட்டும் என் மச்சான்கிட்ட போடணும்."

"கட்ட முடியலைன்னா?"

"சும்மா வீட்டுப் பக்கம் வந்து, குஞ்சுங்களைப் பாத்துட்டுப் போவேன்."

செவந்தி புருஷனின் இறக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தது.

யானை ஆபீஸில் வட்டி ரொம்ப அதிகம். மருதப்பன் வாசலைத் தாண்டவே இல்லை. செவந்தி தனியாகப் போய் அதே கேள்வியைக் கேட்டது.

"கட்டலைன்னா நோட்டீஸ் அனுப்பணும்மா. அதுக்கு உங்க ஃபைலை எடுக்கணும்" என்ற யானை மேடம், பின்னால் மலை போலக் கிடந்த ஃபைல்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "போன மழைக்காலத்துல தேட ஆரம்பிச்சதே இன்னும் கிடைக்கலை."

"கடன் கொடுக்கவும் அவ்வளவு நாளாகுமா மேடம்?"

"சேச்சே, அது இன்னிக்கே. வருஷக் கடைசி, டார்கெட் இருக்குல்ல?"

"எங்க மேடம் கையெழுத்துப் போடணும்?" என்றது செவந்தி.

கூடு தயாரானது. செவந்தி முட்டையிட்டது, குஞ்சும் பொரித்தது. முதல் தவணை கட்ட மருதப்பன் போனபோது, "ஃபைல் இல்லாம எப்படிப் பணம் வாங்கறது? கிடைச்சதும் சொல்லி அனுப்பறோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. குஞ்சுகளும் வளர்ந்துவிட்டன. கிளை வாங்க, யானை ஆபீஸ் வாசலில்தான் வரிசையில் நிற்கின்றன.

நீதி: வீட்டுக் கடன் வாங்குமுன் வட்டியை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது, கடன் கொடுப்பவரின் சோம்பலை ஒப்பிட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது.