பச்சையில் இருந்த ஆரோக்கியசாமி

ஆன்மாக்களை மேய்க்கும் பணியில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்துவந்த ஓட்டையை அடைத்தது ஏ.எஸ்.ராவ் நகர்த் தமிழ்ப் பங்குக் கோவில்தான் என்பதை அடக்கத்தோடு அறிவித்துக்கொள்கிறேன். அடைத்தவன் நான். வார நாட்களில் மாதாப்பூர் ஐ.டி. கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். ஞாயிறுகளில் பங்குப் பேரவைச் செயலாளர்.

2006-இல் கோவில் வாசலில், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில், வருகையைப் பதிய ஸ்வைப் மெஷின் வைத்து ஆளுக்கொரு கார்டும் கொடுத்தோம். பூசைக்கு வருகிறவர் முதலில் கார்டைத் தேய்க்க வேண்டும். பிறகு சிலுவை போட்டுக்கொள்ளலாம். ஒழுங்காக வந்தால் கம்ப்யூட்டரில் பேருக்கு எதிரே பச்சை. மூன்று ஞாயிறு வராவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்த வீட்டுக்கு ஃபாதர் நேரில் போவார். திட்டத்தின் பேர் "மேய்ப்புப் பணி 1.0". முன்பெல்லாம் ஃபாதர், பாவம், யார் வரவில்லை என்று முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்த அவலம் ஒழிந்தது. இப்போது பிரசங்கத்தின்போதுகூட அவர் கண் லேப்டாப்பை விட்டு அகலுவதில்லை.

இப்படி எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருக்கையில் அமலோற்பவம் அம்மா என்னை மடக்கினார். அவர் கணவர் ஆரோக்கியசாமி, பாலாநகரில் ஃபிட்டராக இருந்தவர், இடுப்பெலும்பு முறிந்து குஷாய்குடா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாராம். ஃபாதர் ஒருதரம் வந்து நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்தால் போதுமாம். வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

சிஸ்டத்தைத் திறந்தேன். ஆரோக்கியசாமி பச்சைப் பசேலென்று இருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஒரு வாரம்கூட விடாம பூசைக்கு வந்திருக்காரேம்மா?"

"நான்தான் தம்பி அவரு கார்டையும் தேச்சேன். ஆளுதான் வர முடியல, பேராவது ஆண்டவர் சன்னதிக்கு வரட்டுமேன்னு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! டேட்டாவிலா கை வைப்பது? விஷயத்தைக் கேட்ட ஃபாதர், இன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கிளம்பியேவிட்டார். நல்லவேளை, நான் இருந்தேன். பச்சையில் இருப்பவரைப் போய்ப் பார்த்தால் சிவப்பில் இருப்பவர்களுக்கு என்ன மரியாதை என்று விளக்கி உட்காரவைத்தேன். அம்மாவுக்கும் வழி சொன்னேன்: கார்டைத் தேய்க்காமல் பொறுத்திருங்கள், சிவப்பு தானாக விழும், ஃபாதர் தானாக வருவார்.

அவர் பொறுத்தார். விழுந்தது. கையடக்க மெஷினோடு நானும் ஃபாதரும் போனோம்.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் அப்துல் காதர் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். படுத்த நாளிலிருந்து தினமும் காலையில் வந்து தூக்கி, துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் வண்டி எடுக்கிறாராம். கார்டு இல்லாததால் இந்த வருகை எதிலும் பதிவாகாதே என்று வருத்தம் தெரிவித்தேன்.

"கார்டு நக்கோ சாப், வேணாம்," என்றார் அவர். "இந்த வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு."

ஃபாதர் ஜெபித்து நன்மை கொடுத்தார். ஆரோக்கியசாமியின் கண் கலங்கியது. அந்தப் புனிதமான நேரம் பார்த்து மெஷினை நீட்டி, ஃபாதர் வந்துபோனதை உறுதிப்படுத்தக் கார்டைத் தேய்க்கச் சொன்னேன்.

ஆரோக்கியசாமி கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"நான் வராதது உங்க மெஷினுக்குத் தெரியும் தம்பி. நீங்க யாரும் வராததை எதுல தேய்க்கிறது?"

ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. அருமையான யோசனை! படுத்தவர்களைப் பார்க்கப் போகாதவர்களையும் பதியும் வசதியை அன்றே சேர்த்து "2.0" தயாரித்துச் சோதித்துப் பார்த்தேன். முதல் சிவப்பு என் பேருக்கு எதிரே விழுந்தது. ஆகவே, பங்கு மக்களின் நலன் கருதி, அந்த வசதியை நீக்கிவிட்டோம்.