கடல்காரரிடம் சொன்ன பொய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதரைக் கடலிடமிருந்து பிரித்தவன் நான். அதற்கு ஒரு பொய் போதுமானதாக இருந்தது.

கடலே இல்லாத சிவகாசியில் கடலைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரே பிறவி அவர். ஊருக்கே அவர் 'கடல்காரர்'. பிழைப்புக்குக் கல்யாணப் படம் எடுப்பார். அதில் மாப்பிள்ளை முகத்தைவிடச் சொம்புத் தண்ணீரின் பளபளப்புதான் நன்றாக வந்திருக்கும். ஞாயிறு விடிந்தால் பஸ் ஏறி வேம்பார் கடற்கரைக்குப் போய்விடுவார். வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் வெல்டிங் கண்ணாடியைக் கட்டி அரை நிமிடம் ஷட்டரைத் திறந்து வைப்பார். அலையெல்லாம் கரைந்து, கடல் பஞ்சுப்பொதியாகப் படத்தில் வந்து இறங்கும்.

கடலுக்குப் போக முடியாவிட்டால் மழைக்குட்டை. ஒருமுறை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் குட்டையோரம் குப்புறப் படுத்துக் கேமராவைத் தண்ணீர் மட்டத்தில் வைத்திருந்தார். கூட்டம் கூடிவிட்டது.

"ஏலே, ஆளு மயங்கிக் கெடக்காருலே! சோடா வாங்கியா!"

"சோடாவ நீயே குடி. மொதல்ல கால எடுலே, கடல் கலங்குது!"

நான் காலண்டர் அச்சகத்தில் வடிவமைப்புப் பிரிவைப் பார்த்துவந்தேன். அவர் படங்களை வருடந்தோறும் வாங்குவோம். காலண்டர் என்றால் மேலே படம், கீழே கடைப் பெயரும் தேதிக் கட்டும். அவர் படங்களிலோ கீழ்ப்பாதிதான் தண்ணீர். ஆக, அவருடைய கடல்மேல் நான் வருடாவருடம் பலசரக்குக் கடை திறந்தேன்.

"சார், ஒரே ஒரு வருசம் தண்ணிய மறைக்காம போடுங்க. தேதிக் கட்ட மேல வானத்துல ஒட்டிக்கோங்க. மொதலாளிகிட்ட கேட்டுப் பாருங்க" என்று ஒரு படத்தைக் கொடுத்தார்.

கேட்டால், இத்தனை வருடம் உமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று முதலாளி என்னையல்லவா கேட்பார்? படத்தை மேசை டிராயருக்குள் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து, "மொதலாளி வேண்டாம்னுட்டாரு" என்றேன்.

"அவுக சொன்னாச் சரிதான்" என்று போனவர், அதன்பின் வேம்பார் பஸ் ஏறவேயில்லை. பாஸ்போர்ட் படம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெறும் வருடத்தில் அந்தப் படத்தை முதலாளியிடம் நீட்டி உண்மையைச் சொன்னேன். "நல்லாத்தானே இருக்கு, போடுங்க" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. கடைக்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுப்பதற்காக ஆடிப் பதினெட்டில் வெளியிடும் காலண்டர் ஆல்பத்தில் கடல் முழுசாக வந்தது. ஒரு கடைக்காரரும் ஆர்டர் கொடுக்கவில்லை. "தேதியப் பாக்க அண்ணாந்து கழுத்து சுளுக்கிக்கிடும்" என்றார் ஒருவர்.

அந்த ஆல்பத் தாளோடு அவருடைய ஸ்டுடியோவுக்குப் போய், செய்ததைச் சொன்னேன். கடல்காரர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப மொதலாளி வேண்டாங்கலையா?"

"இல்ல. நான்தான்."

"நான் எடுத்ததுல கொறை இல்ல?"

"ஒரு கொறையும் இல்ல."

"அச்சுலதான் நீலத்த அள்ளிக் கொட்டியிருக்கீக" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "ஞாயித்துக்கெழம வாரீகளா? கேமராவுக்குக் குடை பிடிக்க ஆள் வேணும்."

போனேன். "அரை நிமிசம் அசையப்புடாது சார்" என்றார். அலை வந்து முழங்காலில் மோதி, வேட்டியை இழுத்துப் பார்த்தது. நான் அசையவில்லை.