லூப் காக்காவின் வெள்ளோட்டம்

கிழக்கிலங்கையின் மருதமுனையில் கடலைத் தவிர மற்றதெல்லாம் தட்டை. அப்படிப்பட்ட ஊரில், தலைகீழாகத் தொங்குவது எப்படி என்று வகுப்பெடுக்கத் தகுதியுள்ள ஒரே மனிதர் எங்கள் தெரு லூப் காக்காதான். காக்கா என்றால் எங்களூரில் அண்ணன்.

வளைகுடா நாடொன்றின் பூங்காவில், லூப் போட்டு ஆட்களைத் தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டரை ஓட்டியவர். தயாரித்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. உதிரிப்பாகம் கிடைக்காமல் பூங்காக்காரர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மற்றவர்கள் தங்கமும் டிவியும் கொண்டுவரும் வெளிநாட்டிலிருந்து இவர் கொண்டுவந்தது, அதன் ஒரு சீட்டில் ஆள் விழாமல் அழுத்திப் பிடிக்கும் தோள்கம்பி. பெட்டியைத் திறந்து பார்த்த அவர் மனைவி அப்படியே மூடிவிட்டார்.

அந்தக் கம்பி அவருடைய ஆட்டோவின் பின்சீட்டில் ஏறியது. கூடவே பூங்காவின் சட்டங்களும் ஏறின. கதவோரம் ஒரு சிவப்புக் கோடு. அதைவிடக் குள்ளமானவர்களுக்கு இடமில்லை. தினமும் காலையில் ஆளில்லாமல் மூன்று வெள்ளோட்டம்.

"காக்கா, இது தலைகீழாச் சுத்தாது. ஆட்டோ!" என்பேன்.

"கம்பி இறங்காம வண்டி எழும்பாது தம்பி."

என் மனைவி முதல் பிள்ளையை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். அடுத்ததற்கு எட்டு மாதமானபோது, வலி வந்தால் குலுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். லூப் காக்காவை மட்டும் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவர் கம்பியைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பிள்ளை பள்ளிக்கூடமே சேர்ந்துவிடும்.

அந்த மாதம் அவருக்கு நன்றாக முற்றிவிட்டது. மண்மூட்டைகளைச் சீட்டில் உட்காரவைத்துப் பக்கத்து ஊரான கல்முனைக்கு ஓடினார், திரும்பினார், மறுபடியும் ஓடினார். தெருவே சிரித்தது. சத்தமாகச் சிரித்தது நான்.

ஒரு பகல் வலி வந்தது. நான் சொல்லிவைத்த ஆட்டோ வருவதற்குள் காக்கா வாசலில் நின்றார். தோள்கம்பியைக் காணோம்; அந்த இடத்தில் தலையணைகள்.

"உங்கட வெள்ளோட்டம் முடிய முந்திப் புள்ள பொறந்திடும் காக்கா!"

"அது முடிஞ்சி தம்பி. ஒரு மாசமா ஓடினதெல்லாம் என்னத்துக்கு? கிளினிக் கொப்பியப் பாத்து, இவ எத்தன கிலோ நிறை எண்டு உன்ட மாமி சொன்னா. கிழமைக்குக் கிழமை மண்ணும் கூட்டினன். ஏறுங்க மகள்" என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

கல்முனை ஆஸ்பத்திரி வரைக்கும் எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பது அவருக்கு மனப்பாடம். அவள் ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை. சத்தமாகச் சிரித்த நான் தலையணைகளைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மகளோடு வீடு திரும்பும் நாளில், வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"காக்கா, ஆள் கோட்டுக்குக் குறைவாச்சே?"

"சட்டம் சட்டந்தான்."

குழந்தையை இரண்டு கையாலும் வாங்கி, சின்னத் தலை சிவப்புக் கோட்டைத் தொடும்வரை மெல்ல உயர்த்தினார்.

"உயரம் காணும். ஏத்துங்க."

மகளுக்கு இப்போது நான்கு வயது. இன்னும் கோட்டை எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் காக்காதான் தூக்கிப் பிடிக்கிறார். அவள் மெதுவாக வளரட்டும் என்றிருக்கிறது எனக்கு.