தம்பி அனுப்பிய பிரஷர் மெஷின்

மீர்சாகிப்பேட்டை,
சென்னை.
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்புத் தம்பி அப்துல் சமதுக்கு, உன் ராத்தா ஜமீலுன்னிசா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் அருளால் இங்கே நான் நலம். உன் மச்சான் இடது பக்கம் முழு நலம், வலது பக்கம் முக்கால் நலம். அங்கே நீயும், உன் வீட்டுக்காரி அஃப்சருன்னிசாவும், உன் மகள், கல்யாணப் பெண் ஃபிர்தௌஸும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் உன் மச்சான் காதில் விழுந்துவிடும். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அத்தனை கூட்டத்திலும் கடைசி சீட்டில் எவன் டிக்கெட் வாங்காமல் முணுமுணுக்கிறான் என்று கேட்ட காது அது. பக்கவாதம் அவர் வலது கையைத் தொட்டது, வாயைக் கொஞ்சம் தொட்டது, காதை மட்டும் தொடவே இல்லை. அதனால் அவர் தூங்குகிற நேரம் பார்த்து, அடுப்படியில் அரிசி டின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. பெருநாள் கழிந்ததும் மச்சானுக்கென்று பிரஷர் பார்க்கிற மெஷின் அனுப்பினாயே, அது வரவில்லை. பார்சல் வந்தது, மெஷின் வரவில்லை. பிரித்துப் பார்த்தால் பெட்டியின் மேல் ஒரு போர் விமானம் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கிறது. உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் ரெக்கை, வால், சக்கரம், குண்டு என்று துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. நான் பதறிப்போய், "என்னங்க, மெஷின் நொறுங்கி வந்திருக்கு" என்றேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் தம்பி என்ன கலாய்க்கிறானா?" என்றார். யாருக்கோ போகவேண்டியது இங்கே வந்துவிட்டது, திருப்பி அனுப்பலாம் என்று நான் எடுத்து வைப்பதற்குள் நீ போன் செய்துவிட்டாய். "மெஷின் வந்துச்சா ராத்தா, மச்சான் பாக்குறாரா?" என்று நீ கேட்டபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "அத கையிலதான் வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றேன். அது பொய்யில்லை. அதோடு விட்டாயா நீ? "எவ்வளவு காட்டுது?" என்றாய். நான் பெட்டியைப் பார்த்தேன். பெட்டியில் ஒன்று, ஒரு சாய்வுக்கோடு, எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது, அந்த அவசரத்தில் "எழுபத்திரண்டுக்கு ஒண்ணு" என்று சொல்லித் தொலைத்தேன். "கீழ் பிரஷர் ஒண்ணா! உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ ராத்தா!" என்று நீ அலறினாய். நிஜ விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு அது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று லைன் கட்டாகவில்லை தம்பி, நான்தான் வைத்தேன்.

இப்போது நீ வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஃபிர்தௌஸின் நிக்காஹுக்கு வரமுடியாது, முட்டி வலி என்று மச்சான் உன்னிடம் சொன்னார். முட்டி வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. மாடிப்படியை நாள் தவறாமல் ஏறி இறங்குகிறார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. புது மாப்பிள்ளை சாப்பிட உட்காரும் சஹனில் வீட்டு மூத்த மாப்பிள்ளை சேர்ந்து உட்கார்ந்து, முதல் பிடி சோற்றைப் பிசைந்து அவர் பக்கம் தள்ள வேண்டும். நாலு பேர் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிற இடத்தில் அவர் எந்தக் கையை வைப்பார்? வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாது தம்பி. சோற்றை எடுத்தால் வழியிலேயே கொட்டிவிடும். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார். என்னைக் கூடப் பார்க்க விடுவதில்லை. நோயாளி இடது கையால் சாப்பிடச் சலுகை உண்டு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து சொல்லிப் பார்த்தார். "ஹஜ்ரத்துக்கு சரி, எனக்கு சரியில்ல" என்று சொல்லிவிட்டார். நீ ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தபோது கை நீட்டி ஸலாம் சொன்னாரே, கை நீளும். எதையும் பிடிக்காது, அவ்வளவுதான்.

விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க மேகலா என்று ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். தங்கமான பிள்ளை. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். "நான் இன்னா பந்து வெளயாடுற பாப்பாவா?" என்று கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அப்புறம் ஒருநாள் அந்த விமானப் பெட்டியின் ஓரத்தில் 'பதினாலு வயதுக்கு மேல்' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "எனக்கு வயசு பத்தலன்றானா இவன்? பாத்துடறேன்" என்று தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தவர்தான். அன்றிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்ட என் நகவெட்டி போயிற்று. விமானத்தின் உடம்பு இரண்டு பாதியாக வருகிறது, ஒட்டிவிட்டு அது காயும்வரை இறுக்கிப் பிடிக்கக் கொடியில் இருந்த கிளிப்பெல்லாம் போயிற்று. என் பாவாடை பறந்து பக்கத்து மாடியில் விழுந்ததை நான் யாரிடம் போய்ச் சொல்ல? இத்தனைக்கும் அந்தச் சனியனை நான் ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.

ஒட்டுவதற்குப் பசை பெட்டியில் வராது என்பது அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. தெருமுனைக் கடையில் நொடியில் ஒட்டுகிற பசை வாங்கி வந்தார். வால் ஒட்டியதோ இல்லையோ, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. நான் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தால் மனுஷன் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஜமீலா, இங்க பாரு, சேந்துகிச்சு" என்றார். நோய் வந்ததிலிருந்து சேராத விரல்கள் தம்பி அவை. மேகலா வந்து வெந்நீரில் ஊறவைத்து, நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைத் தடவி மெல்லப் பிரித்தாள். பிரிக்கும்போது "மெதுவா, மெதுவா" என்றார். வலியில் சொல்லவில்லை, பிரிவதில் அவருக்கு இஷ்டமில்லை. நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

சக்கரம் பொருத்தி நிறுத்தினால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டது. மூக்குக்குள் கனம் வைக்க வேண்டுமாம், அதைப் படிக்காமல் மூடி ஒட்டிவிட்டார். மறுபடி பிளந்தார். "மீன்காரன்கிட்ட வலையில கட்டுற ஈயக்குண்டு ஒண்ணு வாங்கிக்கினு வா" என்று என்னை அனுப்பினார். மார்க்கெட்டில் லாசரிடம் கூச்சத்தோடு கேட்டேன். "இன்னாக்கா, பாய் கடலுக்குப் போறாரா? என்கிட்ட மீன் வாங்குறது புடிக்கலையா?" என்றான். விமானத்துக்கு என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு ஒரு குண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தான். எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். மூக்கில் அந்த ஈயம் ஏறியதும் விமானம் மரியாதையாக மூன்று சக்கரத்திலும் நின்றது. இப்போதும் மூக்குப் பக்கம் லேசாக மீன் வாடை வரும்.

அடுத்தது பெயின்ட். புறா முதுகு நிறத்தில் ஒன்று, புறா வயிற்று நிறத்தில் ஒன்று வேண்டும் என்றார். தி.நகரில் படம் வரைகிற சாமான் விற்கும் கடைக்குப் போய் அப்படியே கேட்டேன். கடைப்பெண் நல்லவள், சிரிக்காமல் ஜன்னலுக்கு வெளியே புறாவைத் தேடினாள். வாங்கி வந்த பெயின்டைப் பிரஷ்ஷில் அடித்தால் கை நடுங்கி வரி வரியாக விழுந்தது. உடனே என் அத்தர் ஸ்ப்ரே பாட்டிலைக் கழுவி அதில் பெயின்டை ஊற்றி அடித்தார். விமானம் மேல் பாதி விழுந்தது, மீதிப் பாதி அவருடைய ஜும்ஆ ஜிப்பா மேல் விழுந்தது. எதிரி நாட்டுக்குப் போகிற விமானம் மல்லிகை அத்தர் மணக்க நிற்கிறது. ஈயமும் அத்தரும் சேர்ந்து ஹாலுக்குள் நுழைந்தால் மீன் மார்க்கெட்டில் கல்யாண வீடு.

ஆனால் உடம்பு முழுக்க அடித்தவர் ரெக்கையில் மட்டும் கை வைக்கவில்லை. கூட வந்த தாளில் ஸ்டெப் ஒன்று, ஸ்டெப் இரண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறான். பெயின்ட் படத்துக்கு வந்தால் ரெக்கை மேல் ஆங்கிலத்தில் 'நோ ஸ்டெப்' என்று எழுதியிருந்தது. "இங்க ஸ்டெப் இல்ல, ஒண்ணும் செய்யாதேன்னு போட்டுக்கீது" என்று அப்படியே விட்டுவிட்டார். நானும் படித்துப் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உடம்பில் சட்டையும் தோளில் ஒன்றுமில்லாமலும் அந்த விமானம் பிரிட்ஜ் மேல் நாள்கணக்கில் நின்றது. ஒரு பகலில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வெளியே மெயின் ரோட்டில் பஸ் திரும்புகிற சத்தம், எவனோ கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிறான்: "ஸ்டெப்ல நிக்காத! ஸ்டெப்ல நிக்காத, மேல ஏறு!"

உன் மச்சான் எழுந்து நின்றுவிட்டார். தாளை எடுத்தார், பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். "அடியே, இது ஃபுட்போர்டுடீ!" என்றார். "ரெக்கை மேல கால் வைக்காதன்னு எழுதிக்கீறான்! நான் காலமெல்லாம் கத்தினத இவன் ஏரோப்ளேன்ல எழுதி வச்சுக்கீறான்டீ!" என்று சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம் கோணும் என்று நோய் வந்ததிலிருந்து சிரிக்காத மனுஷன். கோணலாகவே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கீரையெல்லாம் தரையில் கொட்டி நானும் சிரித்தேன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் இப்படித்தான் சிரிப்பார் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு ரெக்கைக்கும் புறா நிறம் ஏறியது. 'நோ ஸ்டெப்' எழுத்து ஸ்டிக்கராக வருகிறது, எறும்பு அளவுதான் இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் எடுத்து, விரலால் நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். எல்லாவற்றையும் வலது கையாலேயே வைத்தார். நாலைந்து கிழிந்தது, திட்டிக்கொண்டே அடுத்ததை எடுத்தார். மிச்சமிருந்த ஒன்றைக் குளியலறை வாசற்படியில், பக்கவாதம் வந்த அன்று அவர் விழுந்த அதே இடத்தில் ஒட்டியிருக்கிறார். "நீ வழுக்கி உழுந்துடப் போற" என்றார். அதைப் படிக்க நான் மண்டியிட்டுக் குனிந்தால்தான் உண்டு, அப்படிக் குனிந்தால் கட்டாயம் விழுவேன். ஆனாலும் தினமும் அதைத் தாண்டித்தான் கால் வைக்கிறேன்.

இத்தனையும் செய்த கை, சோற்றுத் தட்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது தம்பி. போன வெள்ளிக்கிழமை கேட்டேன், கல்யாணத்துக்குப் போவோமா என்று. "ரெக்கை கீழ உழுந்தா எடுத்து ஒட்டிக்கலாம். மாப்ள சஹன்ல சோறு சிந்திச்சுன்னா நாலு பேரு பாப்பான்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அதனால் நாங்கள் வரவில்லை. அவர் இடத்தில் சின்ன மாப்பிள்ளை ஃபராஸை உட்கார வை. மூத்த மாப்பிள்ளைக்குத் திமிர் என்று மட்டும் நம் வீட்டில் யாரும் பேச விடாதே. அவரிடம் எதுவும் கேட்காதே, இந்தக் கடிதம் வந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே.

ஃபிர்தௌஸும் மாப்பிள்ளை தல்ஹாவும் கண் நிறைந்து, வீடு நிறைந்து வாழ அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஃபிர்தௌஸ் குட்டிமாவுக்கு அவள் அத்தை, இந்தப் பூமாவின் முத்தம். அஃப்சருன்னிசாவுக்கு ஸலாம். கவர் வாங்கி வந்து அவர் எழுவதற்குள் தபாலில் சேர்க்க வேண்டும், நிறுத்துகிறேன்.

உன் பிரியமுள்ள ராத்தா,
ஜமீலுன்னிசா

பி.கு.: சமது, இதை எழுதுவது நான், உன் மச்சான் ஹபீபுர் ரஹ்மான். உன் ராத்தா கவர் வாங்கக் கடைக்குப் போயிருக்கா. தகர டின் மேல வச்சு எழுதினா தெருவுக்கே கேக்கும், எனக்கா கேக்காது? எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ, வலது கையாலதான் எழுதறேன். அவ எழுதினதுல ரெண்டு தப்பு இருக்கு. விமானத்த தொடவே இல்லையாம். ரெக்கையில முடி மாதிரி கோடெல்லாம் மருதாணி கோன்ல பெயின்ட் ஊத்திப் போட்டது அவதான். உள்ள உக்காந்திருக்கிற பைலட்டுக்கு கண்ணுல சுர்மா மை போட்டதும் அவதான். ரெண்டாவது, கதவைச் சாத்திக்கினு நான் ஸ்பூன்ல சாப்பிடறேன்னு நெனச்சுக்கினு இருக்கா. ஸ்டிக்கர் ஒட்டின நாள்லேர்ந்து கையாலதான். இடுக்கி புடிக்கிற புடிதான் சோத்துக்கும். மொதல்ல பாதி சட்டைக்குப் போச்சு, இப்ப முக்கால் வாசி வாய்க்கு வருது. முழுசா வந்த அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், அடுப்படியில அவ அழுததைப் படிச்ச அப்புறம் மனசு கேக்கல. ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கறேன், டிக்கெட் நம்ம தொழில்தானே. என் இடத்த ஃபராஸுக்குக் குடுக்காத. சஹன்ல நீ என் வலது பக்கம் உக்காரு, சிந்திச்சுன்னா மறைச்சுக்கோ.

மத்தபடி, நீ அனுப்பின பிரஷர் மெஷின் நல்லா வேலை செய்யுது.