காணாமல் போன தொரை

இனிமேல் இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை நாய் இருக்க வேண்டும் என்று தீர்த்தகிரி தீர்மானித்தான். பெண்டாட்டியைக் கேட்கவில்லை. கேட்டால் பாஞ்சாலை இரண்டு பேரில் யாரை வைத்துக்கொள்வாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நாயின் பெயர் தொரை. ஜவ்வாது மலையில் அவர்களுடைய சாமைக் கொல்லையைக் காட்டுப்பன்றி அண்டாமல் எட்டு வருஷமாகக் காத்துவந்தது அதுதான். பகலெல்லாம் வாசலில் படுத்திருக்கும். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் இருக்கும் காவல் பரணுக்கு அடியில் போய் உட்காரும். பன்றி வாடை பட்டால் மலை அதிரக் குரைக்கும். அதுவரைக்கும் சரி. அந்த மூக்கு பன்றியோடு நிற்காததுதான் தீர்த்தகிரிக்கு வந்த வினை. ஓடைப் பக்கம் போய் ஒரே ஒரு தம்ளர் சாராயம் குடித்துவிட்டு வந்தாலும் தொரை எட்டத்திலேயே குரைக்க ஆரம்பித்துவிடும். குடிக்காமல் வந்தால் வாலை ஆட்டும். வெற்றிலை போட்டுப் பார்த்தான். கொய்யா இலையை மென்று பார்த்தான். ஒரு பச்சை வெங்காயத்தை முழுசாகத் தின்று கண்ணீரும் கம்பலையுமாக வந்தான். அன்றைக்குத் தொரை இன்னும் பலமாகக் குரைத்தது.

பாஞ்சாலை அடுப்பை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டாள். "தொரை இன்னாமோ சொல்றாரே! இன்னிக்கி எத்தினி தம்ளருய்யா?"

புரட்டாசியில் ஒரு நாள் அவள் களை பிடுங்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஆலங்காயத்துக்கு இறங்கிய மூங்கில் லாரியில் தொரையை ஏற்றிவிட்டான். கயிறு எடுத்தால் கயிறு எங்கே என்று கேட்பாளாம். அதனால் பச்சைக் கரை போட்ட தன் துண்டையே நாயின் கழுத்தில் கட்டினான். அவ்வளவு முன்யோசனை! அடிவாரத்தில் கடலைக் கொல்லை வைத்திருந்த சிநேகிதன் சடையனிடம் அதை ஒப்படைத்துவிட்டு, பொழுதோடு வீடு திரும்பினான்.

மறுநாள் காலையில் ஊரே கூடுகிற மாதிரி அழுதான். சும்மா அழுதால் போதாதென்று ஊர்ச் சாமி வேடியப்பனின் கல்லுக்கு முன்னால் போய் விழுந்து அழுதான்.

"புள்ள மாரி வளத்தேனே! பாவி, எந்தப் புலி வாயில பூந்துச்சோ! தொரை என் வாசப்படி ஏர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் வேணாம், சாமி!"

"ஒண்ணும் வேணாமா?" என்றாள் பக்கத்தில் நின்ற பாஞ்சாலை.

"வேணாம்! வேடியப்பன் மேல சத்தியமா வேணாம்!"

"அப்ப காப்பு கட்டிக்கோ."

தீர்த்தகிரியின் அழுகை பட்டென்று நின்றது. அதற்குள் பூசாரி மஞ்சள் கயிற்றோடு வந்துவிட்டார். கையில் காப்பு இருக்கும்வரை சாராயமும் கூடாது, கறியும் கூடாது. மீறினால் வேடியப்பன் என்ன செய்வார் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். நாய் வாசற்படி ஏறினால்தான் அவிழ்க்கலாம் என்று ஊரே கேட்கச் சொல்லி முடிச்சும் போட்டாயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழை வந்தால்தான் கத்தும்.

வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலை அடுத்ததைக் கேட்டாள்.

"சாமை பால் புடிக்கிற நேரம். பன்னிக்கு யாரு பதில் சொல்றது?"

"யாரு?"

"நாய் இல்ல. மிச்சம் நீதான கீற?"

அன்று சாயங்காலமே ஒரு கோலும் ஓட்டைத் தகரமுமாகத் தீர்த்தகிரி பரண் ஏறினான். முதல் நாள் தகரச் சத்தத்துக்குப் பன்றி ஓடிற்று. மூன்றாம் நாள் நின்று பார்த்தது. ஆறாம் நாள் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டே மேய்ந்தது. தொண்டை வறண்டது, இடுப்பு செத்தது. நாயை ஒழித்தால் நிம்மதியாகக் குடிக்கலாம் என்று நினைத்தவனுக்கு, குடியும் போய் நாயின் உத்தியோகமும் வந்து சேர்ந்தது.

எட்டாம் நாள், தொரையைத் தேடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சடையனிடம் ஓடினான்.

"நாய்தான? நீ வுட்டுட்டுப் போன அன்னிக்கே துண்டோட புடுங்கிக்கினு ஓடிப்பூச்சே! உங்கூட்டுக்குத்தான் வந்திருக்கும்னு நெனச்சேன்" என்றான் சடையன்.

பொய்யாகத் தொலைந்த நாய் நிஜமாகவே தொலைந்துவிட்டது. அன்றிலிருந்து தீர்த்தகிரி நிஜமாகவே தேடினான். பள்ளம், ஓடை, புதர் ஒன்று விடாமல் "தொரை! தொரை!" என்று கத்திக்கொண்டு அலைந்தான். ராத்திரி பரணில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான், இதே இருட்டில் அந்த நாய் எட்டு வருஷம் தனியாக விழித்திருந்தது உறைத்தது. ஒரு நாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்தத் தடவை வெங்காயம் தின்னவில்லை. பார்க்கத்தான் யாரும் இல்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் பாஞ்சாலை பரணுக்குக் களி கொண்டுவந்தாள். சட்டியைத் துணியில் கட்டியிருந்தாள். முடிச்சை அவிழ்த்த தீர்த்தகிரியின் கை அப்படியே நின்றது. பச்சைக் கரை.

"இந்தத் துண்டு ஏது பாஞ்சாலை?"

"உன்துதான்."

"அது தெரியுது. உனக்கு ஏது?"

"தொரை கழுத்துல இருந்திச்சி."

"வந்துட்டுதா! எப்போ?"

"நீ வேடியப்பன் முன்னால அழுதியே, அன்னிக்கி மத்தியானம். வர்ற வழியில எங்கம்மா வூடு இருக்குதில்ல? அங்க பூந்துக்கிச்சி. அம்மா துண்ட குடுத்து அனுப்பிச்சி. கஞ்சி போட்டு எப்பிடி கொழுத்துக் கீது தெரியுமா!"

தீர்த்தகிரி சந்தோஷத்தில் பரணிலிருந்து விழப் பார்த்தான். துண்டு அங்கே எப்படிப் போனது என்று அவள் கேட்டால் சொல்ல மூன்று பொய் வைத்திருந்தான். அவள் கேட்கவே இல்லை.

"அப்ப காப்ப அவு!" என்று கையை நீட்டினான்.

"எப்பிடி அவுக்கறது? உன் வாசப்படி ஏறணும்னு நீதான சொன்ன? அது எங்கம்மா வாசப்படியிலதான கீது?"

"போய்க் கூட்டியாரேன்!"

"வேணாம். சாமை அறுத்து, அடிச்சி, வூட்ல கொட்டனப்புறம் வரட்டும். எட்டு வருசத்துல ஒரு நாளு லீவு எடுத்துச்சா அது? தோ பாரு, கீழ்க்கொல்லையில சலசலங்குது."

தீர்த்தகிரி தகரத்தை எடுத்தான்.

"அத நம்ப மாட்டேங்குது பன்னி. தொரை மாரி ரெண்டு சத்தம் குடு."

தீர்த்தகிரி பெண்டாட்டியைப் பார்த்தான். கையில் இருந்த காப்பைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, வாயில் இரண்டு கையையும் குவித்துக் குரைத்தான்.

"பரவாயில்ல," என்றாள் பாஞ்சாலை, சட்டியை அவன் பக்கம் தள்ளி. "அறுப்புக்குள்ள பழகிடும்."