ஃபீலிங் அண்ணனின் சொரசொர பீர்

மாதனூரில் கட்டைவிரலை வைத்தே உலகத்தை எடைபோட்ட ஒரே மனிதர் எங்கள் ஹவுஸ் ஓனர் ஃபீலிங் அண்ணன்தான். பெயரைக் கேட்டுக் காதல் தோல்வி என்று நினைத்துவிடாதீர்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. வருகிற தோலையெல்லாம் விரலால் தடவி, "இதுல ஃபீல் இல்ல, திருப்பி அனுப்பு" என்பார். வீட்டுக்கு வந்தும் அந்த விரல் ஓயாது. கத்திரிக்காய், தலையணை, சலூனில் போர்த்துகிற துணி, எல்லாமே அவரிடம் பாஸாக வேண்டும். என் கல்யாணப் பத்திரிகையை அவர் படிக்கவேயில்லை. தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல அட்டைப்பா, வந்துர்றேன்" என்றார்.

போன வருஷம் கம்பெனி செலவில் வெளிநாட்டில் நடந்த தோல் கண்காட்சிக்குப் போனவர், அங்கே யாரோ வீட்டிலேயே போட்ட பீரைக் குடித்துவிட்டு வந்தார். வந்ததும் மொட்டைமாடியில் நீல டிரம் ஏறியது. பார்லியை முளைகட்டி, காயவைத்து, வேகவைத்து, வடிகட்டி, ஈஸ்ட் போட்டு மூடினார். சட்டம் ஒத்துக்கொள்ளாத சமாச்சாரம் என்பதால் தெருவுக்கு அது 'பார்லி கஞ்சி'. ருசி பார்க்கக் கீழ்வீட்டிலிருந்து நான்.

முதல் டம்ளரை வாயில் உருட்டியதுமே அவர் முகம் சுருங்கியது.

"இன்னாப்பா இது? டேஸ்ட் இருக்கு, ஃபீல் இல்ல. நாக்குல சொரசொரன்னு நிக்குது."

"எனக்கு வழவழன்னு எறங்குதேண்ணே."

"உனுக்கு இன்னா தெரியும்?"

எனக்கே சந்தேகம் வந்து இன்னொரு டம்ளர் குடித்தேன். அதுவும் வழவழவென்றுதான் இறங்கியது.

போர் தண்ணியில் உப்பு ஜாஸ்தி என்று கேன் தண்ணீருக்கு மாறினார். சொரசொர. பார்லி உமி ரொம்ப நேரம் கொதித்துத் துவர்ப்பு இறங்குகிறதென்று சீக்கிரமே வடிகட்டினார். சொரசொர. ஓட்ஸ் போட்டால் வழவழப்பு வரும் என்று போனில் ஏதோ வீடியோ சொல்ல, அதையும் சேர்த்தார். எனக்கு அது பாயசம் மாதிரி இருந்தது. அவருக்கு அதே சொரசொர. கெட்டுப்போனது பீரா, அவர் நாக்கா, என் நாக்கா என்று குழம்பிப்போய் நான் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மனைவி மல்லிகா அண்ணி பிரியாணி பரிமாறினார். அண்ணன் ஒரு வாய் வைத்தார்.

"மல்லி, இன்னா இது, மண்ணு மாதிரி ஒரசுது?"

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "பீரைக் குறை சொன்னீங்க, சரி. பிரியாணியுமா? தண்ணி வேற கொடம் கொடமா குடிக்கிறீங்க. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!"

சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "வாயில எச்சிலே இல்ல, அதான் எல்லாம் ஒரசுது" என்றார் டாக்டர். "இன்னும் லேட் பண்ணியிருந்தா மயங்கியே விழுந்திருப்பீங்க."

அன்றைக்கே அட்மிட் ஆனார். கையில் டிரிப்ஸோடு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அப்போ பீர் நல்லாத்தான் இருந்துச்சா?"

"சூப்பரா இருந்துச்சுண்ணே."

"அடப்பாவி, அத்தனையும் சாக்கடைல கொட்டிட்டேனே!"

அழுவதா சிரிப்பதா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டையும் செய்தேன். நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

இப்போது மாத்திரை, நடை என்று நன்றாக இருக்கிறார். இதற்கிடையில் வேலூரில் நான் கட்டிய சொந்த வீடு பெயின்ட் அடித்துத் தயாராக நிற்கிறது. எப்போது குடிபோகிறாய் என்று அண்ணி கேட்கும்போதெல்லாம், நல்ல நாள் அமையவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.